தேவாலாப் பொன்னும் சான்றின் மாற்றும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் செல்லும் நெடுவழியில் அமைந்தது தேவாலா என்னும் சிற்றூர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தமிழகத்தில் மிகுதியான மழை பதிவாகும் இடங்களுள் ஒன்றாக இவ்வூரின் பெயர் ஆண்டுதோறும் நாளிதழ்களில் இடம் பெறும். இன்று அங்குக் காண்பன தேயிலைத் தோட்டங்களும், தொழிலாளர் குடியிருப்புகளும், மழையில் கறுத்த ஓட்டுக் கூரைகளுமே. ஆயினும் அத்தோட்டங்களின் இடையே புதர் மூடிய குழிகளும் மலையைக் குடைந்து சென்ற பழைய சுரங்க வாயில்களும் உள்ளன. ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரத்துப் பங்குச் சந்தையைக் கலக்கிய பொன் வேட்கையின் எச்சங்கள் அவை.

தேவாலாப் பொன் வேட்கையை வரலாற்று நூலார் பொருளாதாரச் செய்தியாகவே பெரும்பாலும் கூறிச் சென்றனர். அஃது அறிவியல் முறையைப் பற்றிய செய்தியுமாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. பொய்ச் சான்று எவ்வாறு பிறக்கின்றது, மெய்ச் சான்றே எவ்வாறு பொய்யின் பணியைச் செய்கின்றது, அதனை எவ்வாறு கண்டறிவது என்னும் மூன்று வினாக்களுக்கும் இந்நிகழ்ச்சி விடை தருகின்றது. ஏட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் சான்றாகக் கொண்டு ஆய்வு நிகழ்த்தும் தமிழ் மாணவர்க்கு அவ்விடை புறம்பானதன்று.

1. அறிவியற் பொய்ம்மையின் மூவகை

அறிவியல் வரலாற்றில் புகழ்பெற்ற ஏமாற்றுகளை ஒப்பு நோக்கின் அவை மூவகைப்படும்.

முதலாவது, இல்லாத பொருளைப் படைத்துக் காட்டுதல். இங்கிலாந்தின் பில்ட்டௌன் என்னுமிடத்தில் கிடைத்ததாகக் கூறி 1912ஆம் ஆண்டு டிசம்பரில் சார்லசு டாசன், ஆர்தர் சுமித்து உட்வர்டு ஆகிய இருவரும் அறிஞர் அவைமுன் வைத்த மண்டையோடு இதற்குச் சான்று. குரங்கிலிருந்து மனிதன் தோன்றிய வரிசையில் இடைநின்ற உயிரினத்தின் எலும்பு இதுவே என்று அறிஞர் பலர் ஏற்றனர். 1953இல் வைனர், ஓக்லி, லெ கிரோசு கிளார்க்கு ஆகியோர் உண்மையை வெளிப்படுத்தினர். மண்டையோடு மனிதனுடையது, தாடையோ ஒராங்குட்டான் குரங்கினுடையது. பற்கள் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தன. எலும்புகளுக்குப் பழமைத் தோற்றம் தரச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் நின்ற ஒரு செய்தி இவ்வாறு மறைந்தது.

இரண்டாவது, மெய்ப்பொருளின் இடத்தை மாற்றிக் கூறுதல். சண்டிகரிலுள்ள பஞ்சாபுப் பல்கலைக்கழகத்தின் நிலவியலறிஞர் விசுவசித்து குப்தா இமயமலைப் பகுதியில் கண்டெடுத்ததாகப் பல ஆண்டுகள் எழுதிவந்த தொல்லுயிர்ப் படிவங்களை ஆசுத்திரேலிய அறிஞர் சான் டாலண்டு ஆராய்ந்து, 1989இல் நேச்சர் இதழில் மறுப்பு வெளியிட்டார். படிவங்கள் பொய்யல்ல, அவை கிடைத்த இடமே பொய். மொராக்கோ நாட்டுப் படிவங்களும் நியூயார்க்குப் பகுதிப் படிவங்களும் இமயமலையில் கிடைத்தனவாகக் காட்டப்பெற்றன என்பது டாலண்டின் முடிபு. இத்தகைய பொய்யின் தீங்கு முன்னதினும் பெரிது. ஒரு போலி மண்டையோட்டைக் காட்சிச்சாலையிலிருந்து அகற்றிவிடலாம். நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் ஊடுருவிய தவறான இடக்குறிப்புகளை ஒவ்வொன்றாகக் களைவது எளிதன்று. பிறர் அவற்றை நம்பித் தீட்டிய நில வரலாறும் உடன் ஐயத்திற்கு உள்ளாகின்றது.

மூன்றாவது, பொருளும் மெய்யாய், இடமும் மெய்யாய் இருக்க, தெரிவு மட்டும் பொய்யாதல். நூறு சான்றுகளில் தமக்கு வேண்டிய ஒன்றை எடுத்துக் காட்டித் தொண்ணூற்றொன்பதை மறைப்பது இவ்வகை. இதில் ஒருவரும் பொய்யான ஒரு சொல்லும் கூறவேண்டுவதில்லை. ஆதலின் கண்டறிவதற்கு மிக அரியது இதுவே. தேவாலாவில் நிகழ்ந்தது பெரும்பாலும் இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது.

2. வயநாட்டின் பழம்பொன்

தேவாலாவில் பொன் இல்லை என்பது தவறு. அங்குப் பொன் உண்டு, முன்பும் இருந்தது. இதனை முதற்கண் தெளிவாகக் கூறுதல் வேண்டும். ஐரோப்பியர் வருமுன்னரே குறும்பர், பணியர் முதலிய மக்கள் ஓடைமணலை மரத்தட்டுகளில் அரித்துப் பொன்துகள் எடுத்துவந்தனர். மலைச்சரிவில் செங்குத்தாக வெட்டப்பட்ட பழங்குழிகள் பலவற்றைப் பின்னர் வந்த நிலவியலறிஞர் கண்டு வியந்தனர். அக்குழிகளை வெட்டியோர் யாவர், எக்காலத்தவர் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. எனினும் அவர் தொழிலறிந்தவர் என்பதற்குக் குழிகளே சான்று. பொன்மண் அரித்தவர் தமக்காக அரித்தவரல்லர் என்பதும் மறத்தற்குரியதன்று. பணியர் நிலவுடைமையாளர்க்கு அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள்; அவர்தம் உழைப்பின் பயன் பிறரைச் சேர்ந்தது.

கிழக்கிந்தியக் கும்பினியார் 1831ஆம் ஆண்டு நிக்கல்சன் என்னும் படைத்துறை அலுவலரை இப்பகுதிக்கு அனுப்பிப் பொன்வளத்தை ஆராயச் செய்தனர். அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர்க் காப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துரைமார் காடழித்துப் பயிரிட்டபோது குவார்ட்சு எனப்படும் வெண்படிகக் கல்லின் நெடும் பாளங்கள் வெளிப்பட்டன. ஆசுத்திரேலியப் பொன்வயல்களைக் கண்டறிந்தோர் சிலர் அவற்றில் பொன் இருத்தல் கூடும் எனக் கூறினர். 1874இல் ஆல்பா என்னும் நிறுவனம் தேவாலாவின் அருகே வேலை தொடங்கிற்று. அதனையடுத்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த வில்லியம் கிங் இப்பகுதியை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதுவரை மலையாள மாவட்டத்தில் இருந்த தென்கிழக்கு வயநாடு 1877இல் நீலகிரியுடன் இணைக்கப்பட்டது.

இக்காலத்திற்குள் காப்பித் தொழிலில் பெருங்கேடு சூழ்ந்திருந்தது. தண்டு துளைக்கும் வண்டு ஒருபுறம். 1869இல் இலங்கையில் தோன்றித் தென்னிந்தியாவிற்கும் பரவிய இலைத்துரு நோய் மற்றொருபுறம். கடன்பட்ட தோட்டத்துரைமார் தம் நிலத்தை வாங்குவார் இன்றித் தவித்தனர். விற்க இயலாத காப்பி நிலம் பொன்நிலம் என்னும் பெயர் பெற்றால் விலைபோகும் என்பது அவர்க்கு விரைவில் விளங்கிற்று. பின்னர் நிகழ்ந்தவற்றை அறிவதற்கு இந்நிலைமை இன்றியமையாதது. ஒரு செய்தியை எவர் நம்பினார் என்று வினவுமுன், அதனை நம்பவைத்தலால் எவர்க்குப் பயன் என்று வினவுதல் ஆராய்ச்சியின் முதற்படி.

3. அறிக்கையும் சந்தையும்

ஆசுத்திரேலியாவின் விக்டோரியாக் குடியேற்றத்தில் சுரங்கத்துறைச் செயலராக விளங்கியவர் இராபர்ட்டு பிரௌ சுமித்து. அந்நாட்டுப் பொன்வயல்களைப் பற்றி 1869இல் இவர் எழுதிய நூல் பெயர்பெற்றது. தம் கீழ்ப் பணிபுரிந்தோரை நடத்திய முறைபற்றி எழுந்த விசாரணையின் விளைவாக 1876இல் இவர் அப்பதவியினின்று விலகினார். 1879இல் அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் வயநாட்டுக்கு வந்து, பாளங்களை அளந்து, கற்களைச் சேர்த்து, மாற்றாய்வு செய்வித்து, 1880இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். பாளங்களின் எண்ணிக்கையும் நீளமும் அவ்வறிக்கையில் ஊக்கம் தருவனவாய் இருந்தன. ஆய்வுக்கு உட்பட்ட கற்களிற் சில நல்ல பொன் காட்டின.

அறிக்கை முழுமையும் வெளிவருமுன்னரே அதனைப்பற்றிய பேச்சு இலண்டனை எட்டியது. அப்போது அந்நகரில் முதலிடுவோர் கையில் பணம் மிகுந்திருந்தது. 1879ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1881ஆம் ஆண்டிற்குள் முப்பதுக்கு மேற்பட்ட கூட்டு நிறுவனங்கள் வயநாட்டுப் பொன்னைக் குறித்து இலண்டனில் தோன்றின. தேவாலா மோயாறு, இந்தியன் பீனிக்சு, கிளென்ராக்கு முதலியன அவற்றுட் சில. அவற்றின் பெயரளவு முதல் நாற்பது இலட்சம் பவுனுக்கு மேற்பட்டது. ஆனால் அம்முதலில் பெரும்பகுதி சுரங்கத்திற்குச் செல்லவில்லை. நிலம் விற்றவர்க்கும் இடைநின்று நிறுவனம் தோற்றுவித்தவர்க்கும் சென்றது. காப்பி விளையாத சரிவுகள் முன்பு எவரும் கேளாத விலைக்கு விற்கப்பட்டன.

எஞ்சிய பணத்தைக் கொண்டு பொறிகள் கப்பலேறி வந்தன. கற்களை இடிக்கும் கனத்த இயந்திரங்கள் மாட்டு வண்டிகளில் மலையேறின. அவ்வளவு கல் உளதா, உளதேல் அதில் பொன் எவ்வளவு என்பதை உறுதி செய்யுமுன்னரே பொறிகள் நிலைநாட்டப்பட்டன. காய்ச்சலும் மழையும் மேலாளரையும் கூலியாட்களையும் வாட்டின. இறுதியில் கல் இடிக்கப்பட்டது. ஒரு டன் கல்லிலிருந்து கிடைத்த பொன் சில பென்னிவெயிட்டு அளவே. செலவைத் தாங்க அது போதவில்லை. 1882ஆம் ஆண்டிற்குள் பங்குகளின் விலை வீழ்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் ஓய்ந்தன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பொருட்டு ஹேடன், ஹாட்சு ஆகிய இருவரும் மீண்டும் ஆராய்ந்து 1901இல் வெளியிட்ட நூல் அவ்வேட்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

4. கல்லிற் பொன் இருக்கும் இயல்பு

நேர்மையான ஓர் ஆய்வு இத்துணைத் தவறான முடிபுக்கு இடம் கொடுத்தது எவ்வாறு? இதனை விளக்கப் பொன்னின் இயல்பு சிறிது அறிதல் வேண்டும்.

குவார்ட்சுப் பாளத்தில் பொன் சீராகப் பரவியிருப்பதில்லை. ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியும் துகளாகவும், பல இடங்களில் அறவே இன்றியும் இருக்கும். ஒரு கணக்கால் இதனைத் தெளியலாம். ஒரு பாளத்திலிருந்து ஒரு கிலோகிராம் எடையுள்ள நூறு கற்களை எடுத்ததாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்றில் மட்டும் பத்தில் ஒரு கிராம் பொன் உள்ளது, ஏனையவற்றில் ஒன்றுமில்லை. நூறு கற்களையும் சேர்த்து இடித்தால் 1000 கிலோகிராமுக்கு ஒரு கிராம் என்னும் அளவே கிடைக்கும். அப்பொன் துகள் மின்னும் ஒரு கல்லை மட்டும் ஆய்வுக்கு அனுப்பினாலோ 1000 கிலோகிராமுக்கு நூறு கிராம் என்னும் விடை வரும். இரண்டு விடையும் பிழையற்ற ஆய்வின் விடைகளே. ஆய்வாளர் பொய் கூறவில்லை. தராசும் பொய் கூறவில்லை. கல்லைத் தெரிந்தெடுத்த கையே பொய் கூறிற்று.

இரண்டாவது காரணம் ஆழத்தைப் பற்றியது. பாளத்தில் பொன்னுடன் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் கலந்திருக்கும். நிலமேற்பரப்பின் அருகே மழைநீரும் காற்றும் அக்கனிமத்தைச் சிதைத்துக் கரைக்கின்றன. பொன் மட்டும் விடுபட்டு நிற்கின்றது. ஆதலின் மேற்பரப்புக் கல் துளைகள் நிறைந்து, துருவின் நிறம் கொண்டு, பாதரசத்தில் எளிதாகப் பற்றும் பொன்னை உடையதாய் இருக்கும். தேவாலாவைப் போல மழை மிகுந்த நாட்டில் இச்சிதைவு மிகுதி. ஆழம் செல்லச் செல்லக் கனிமம் சிதையாமல் பொன்னைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கும். அக்காலத்தில் வழங்கிய பாதரச முறை அப்பொன்னை முழுதும் பற்ற வல்லதன்று. அதனைப் பிரித்தெடுக்கும் சயனைடு முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1887இல். அஃதாவது வேட்கை தணிந்து ஐந்தாண்டுகளுக்குப் பின்னர்.

மூன்றாவது காரணம் முன்னோரைப் பற்றியது. பழங்குழிகள் மிகுந்திருப்பதால் பொன்னும் மிகுந்திருக்கும் என்று நிறுவன விளம்பரங்கள் வாதிட்டன. அவ்வாதத்தை மறுதலையாகவும் கூறலாம்: முன்னோர் நன்கு தொழிலறிந்தவராதலின் எளிதில் எடுக்கத்தக்க பொன்னை அவரே எடுத்துவிட்டனர், எஞ்சியது எடுக்கத் தகாதது. ஒரே சான்று இரு நேர்மாறான முடிபுகட்கு இடம் தருமாயின் அது சான்றாகாது. ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. குறும்பரும் பணியரும் அறிந்திருந்த அறிவு அம்மலையில் உயிரோடு இருந்தது. எவ்வோடையில் எத்துணை நாள் அரித்தால் எத்துணைத் துகள் கிடைக்கும் என்பது அவர்தம் கைகள் அறிந்த செய்தி. ஆயினும் விலை மதிப்பில் அவ்வறிவுக்கு இடமில்லை.

5. பிழையோ மோசடியோ

தோல்வி யாவும் மோசடியாகா. இதற்குத் தக்க மறுசான்று கோலார். தேவாலாவின் வேட்கை எழுந்த அதே ஆண்டுகளில், அதே இலண்டன் சந்தையில், மைசூர் நாட்டுக் கோலார்ப் பொன்வயலுக்கும் நிறுவனங்கள் தோன்றின. அங்கும் முதலில் ஏமாற்றமே விளைந்தது. பணம் கரைந்து பங்கு விலை வீழ்ந்தது. ஆயினும் மைசூர் நிறுவனத்தார் எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு மேலும் தோண்டியபோது, 1885ஆம் ஆண்டளவில் வளமிக்க பாளம் அகப்பட்டது. அங்கும் பழங்குழிகளே வழிகாட்டின. அச்சுரங்கம் நூறாண்டுக்கு மேல் நடந்து 2001இல் மூடப்பட்டது. கோலாரில் முதலிட்டவரை அறிவாளர் என்றும் தேவாலாவில் முதலிட்டவரைப் பேதையர் என்றும் கூறுவது விளைவைக் கண்டபின் கூறும் கூற்று. தொடக்கத்தில் இருசாராரும் ஒரே இருளில் நின்றனர்.

ஆயின் தேவாலாவில் குற்றம் எங்குளது? பாளத்தில் பொன் இருக்கலாம் என்று கூறியது குற்றமன்று. "இருக்கலாம்" என்னும் சொல் அறிக்கையிலிருந்து விளம்பரத்திற்குச் சென்ற வழியில் "இருக்கின்றது" என மாறியதும், மேற்பரப்புக் கல்லின் அளவு பாளம் முழுமைக்கும் உரிய அளவாகக் காட்டப்பட்டதும், நிலம் விற்பவர் தாமே நிறுவனம் தோற்றுவிப்பவராகவும் இருந்ததுமே குற்றம். அறிஞர் ஒருவர் ஒரு கல்லைப் பற்றிக் கூறினார். வணிகர் ஒரு மலையை விற்றனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே மோசடி குடிகொண்ட இடம்.

அறிஞர்க்கு இதில் பொறுப்பில்லையோ எனின், உண்டு. தம் சொல் எங்குச் செல்லும் என்பதை அறிந்தும் அதன் எல்லையை வரையறுத்துக் கூறாதவர் அச்சொல்லின் பயனுக்கு ஒரு பகுதி பொறுப்பேற்கவே வேண்டும். கற்கள் எவ்விடத்தில், எவ்வாழத்தில், எவரால், எம்முறையில் எடுக்கப்பட்டன என்பதை விளம்பரங்களைப் படித்த பொதுமக்கள் கேட்டாரல்லர். கேட்குமாறு அவர்களை எவரும் தூண்டினாருமல்லர்.

6. பிற நாட்டு நிகழ்ச்சிகளும் தமிழகத்து நிகழ்ச்சியும்

தேவாலாவை ஒத்த பிற நிகழ்ச்சிகள் இதனை மேலும் தெளிவாக்கும். 1872இல் அமெரிக்காவில் ஆர்னால்டு, சுலாக்கு என்னும் இருவர் மணிக்கற்களை வெளியிலிருந்து வாங்கி ஒரு மேட்டு நிலத்தில் தூவி, அங்கு வைரச் சுரங்கம் உண்டு எனச் சான் பிரான்சிசுகோச் செல்வரை நம்பச் செய்தனர். நிலவியலறிஞர் கிளாரன்சு கிங் நேரிற் சென்று ஆராய்ந்தார். ஓரிடத்தில் சேர்ந்து விளையாத கற்கள் ஒருங்கே கிடந்தன. மண் கிளறப்பட்ட இடத்தில் மட்டுமே அவை கிடைத்தன. கிளறாத மண்ணில் ஒன்றும் இல்லை. மோசடி வெளிப்பட்டது.

நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே முறை மீண்டும் அரங்கேறிற்று. கனடா நாட்டுப் பிரே-எக்சு நிறுவனம் இந்தோனேசியாவின் புசாங் என்னுமிடத்தில் பெரும் பொன்வயல் கண்டதாக அறிவித்தது. அதன் பங்குகளின் மதிப்பு ஏறத்தாழ 600 கோடி கனடிய டாலர் வரை உயர்ந்தது. 1997இல் வேறோர் ஆய்வு நிறுவனத்தார் மீண்டும் துளையிட்டு ஆராய்ந்தபோது அங்குப் பொன் இல்லை எனத் தெரிந்தது. முதலில் ஆய்ந்த கற்பொடியில் ஆற்றுப் பொன் கலக்கப்பட்டிருந்தது. நீரில் உருண்டு வந்த பொன்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். பாறையிலிருந்து நேரே பிறந்த பொன் அவ்வாறு இராது. துகளின் வடிவமே கள்வனைக் காட்டிக் கொடுத்தது. துளையிட்டெடுத்த கற்றண்டில் பாதியைப் பின்னாய்வுக்கு எடுத்து வைப்பது சுரங்கத் தொழிலின் வழக்கம். புசாங்கில் தண்டு முழுவதையும் பொடித்துவிட்டனர். அவ்வழக்கம் மீறப்பட்ட அன்றே ஐயம் தோன்றியிருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இத்தகையது நிகழ்ந்தது. இராசபாளையத்தை அடுத்த ஊரினரான இராமர் பிள்ளை, மூலிகையைக் கொண்டு நீரைப் பெட்ரோலாக மாற்ற வல்லேன் என 1996இல் கூறியபோது நாடே வியந்தது. நாளிதழ்கள் பாராட்டின, உயர்ந்தோர் சிலரும் நம்பினர். 2016இல் சென்னை நீதிமன்றம் அவர்க்கு மோசடிக் குற்றத்திற்காக மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நீரில் கார்பன் என்னும் கரி இல்லை; பெட்ரோலோ கரியும் நீரகமும் சேர்ந்த பொருள். சிறிதளவு மூலிகையிலிருந்து பல லிட்டர் எரிபொருளுக்கு வேண்டிய கரி எங்கிருந்து வந்தது என்னும் எளிய எடைக்கணக்கை முதல் நாளே எழுப்பியிருப்பின் வியப்புக்கு இடமிருந்திராது. நம்மவர் ஒருவர், பட்டம் பெறாத சிற்றூர் மகன், மேனாட்டார் காணாததைக் கண்டார் என்னும் பெருமித உணர்ச்சி அக்கணக்கை மறைத்தது. பில்ட்டௌன் மண்டையோட்டை ஆங்கிலேயர் விரைந்து ஏற்றதற்கும் இதுவே காரணங்களுள் ஒன்று: முதல் மனிதன் தம் நாட்டினன் எனக் கேட்க அவர்க்கு இனித்தது. நாம் கேட்க விரும்பும் செய்தியை நமக்குக் கூறுபவன் சான்று காட்டவேண்டிய கடமையினின்றும் பாதி விடுபட்டவனாகின்றான்.

7. தமிழாய்வுக்கு இதனால் அறிவது

பொன்னை ஆராயும் கலை தமிழர்க்குப் புதிதன்று. சாம்பூநதம், ஆடகம், கிளிச்சிறை, சாதரூபம் எனப் பொன்னின் நால்வகையைச் சிலப்பதிகாரம் மதுரைக் கடைத்தெருவில் வைத்துக் கூறுகின்றது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லும், தரத்தைச் சுட்டும் மாற்று என்னும் சொல்லும் நம் இலக்கியத்திலும் வழக்கிலும் ஊறியவை. பொன் வணிகன் விற்பவனுடைய குலத்தையோ சொல்லையோ கொண்டு பொன்னை மதிப்பதில்லை. கல்லில் இழைத்தே மதிப்பான். அதனினும் நுட்பமானது ஒன்றுண்டு: நகையின் ஓரிடத்தை மட்டும் உரைத்து அமையாது பல இடங்களிலும் உரைப்பான். தேவாலாவில் தவறியது இவ்விரண்டாம் செயலே.

ஏட்டுச் சுவடி ஆராய்ச்சியிலும் இந்நெறி வேண்டற்பாலது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களைத் தொகுத்துக் கூறும் பழைய வெண்பாவின் பாடத்தில் எழுந்த ஐயம், அத்தொகையில் அடங்குவது இன்னிலையா கைந்நிலையா என்னும் பெருவழக்காயிற்று. இன்னிலையை உரையுடன் பதிப்பித்த வ. உ. சிதம்பரனாரின் நேர்மையை ஐயுறுவார் எவருமிலர். அவர் கைக்கு வந்த மூலமே ஐயத்திற்குரியது. அது பிற்காலத்தார் புனைவு என்பதே பின்வந்த ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. கடல்கொண்ட தென்னாட்டைப் பற்றிய பழம்பாட்டென வெளிவந்த செங்கோன் தரைச்செலவும் இவ்வாறே போலியென மறுக்கப்பட்டது. இரண்டிலும் நிகழ்ந்தது ஒன்றே. வெண்பாவில் ஓர் இடம் ஒழிந்திருந்தது. அவ்விடத்திற்கு ஏற்ற நூல் கிடைத்தது. தென்னாட்டுத் தொன்மையைக் காட்டும் பாட்டு வேண்டியிருந்தது. வேண்டியவாறே பாட்டுக் கிடைத்தது. குரங்குக்கும் மனிதனுக்கும் இடையில் ஓர் எலும்பு வேண்டியிருந்தது. பில்ட்டௌனில் அதுவும் கிடைத்தது. தேடிய வடிவிலேயே, தேடிய காலத்திலேயே கிடைக்கும் சான்றை இருமுறை உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு வினாக்களைத் தொகுத்துக்கொள்ளலாம். அவை கல்லுக்கும் ஏட்டுக்கும் பொதுவானவை. ஒன்று: இச்சான்று எங்கு, எவரால், எந்நாளில் எடுக்கப்பட்டது? குப்தாவின் படிவங்கள் இவ்வினாவில் வீழ்ந்தன. இரண்டு: இதனோடு எடுக்கப்பட்டு, நமக்குக் காட்டப்படாதவை எவை? தேவாலாவின் கற்கள் இவ்வினாவில் வீழ்ந்தன. மூன்று: மறுபாதி எங்கே? அஃதாவது, பிறர் மீண்டும் ஆராய்வதற்கு மூலம் எஞ்சியுள்ளதா? புசாங் இவ்வினாவில் வீழ்ந்தது. ஏட்டைக் காட்டாமல் படியை மட்டும் காட்டும் பதிப்பும் இவ்வினாவுக்கு விடை கூறுதல் வேண்டும். நான்கு: இது மெய்யாக வேண்டும் என நாம் ஏன் விரும்புகின்றோம்? இவ்வினா நம்மை நோக்கியது; ஆதலின் மிகக் கடினமானது.

8. முடிவுரை

பொன் வேட்கை ஓய்ந்தபின் தேவாலாப் பகுதியில் தேயிலை வேரூன்றியது. கிளென்ராக்கு முதலிய பெயர்கள் தோட்டங்களின் பெயராக எஞ்சின. பொன்னின் பெயரால் ஏறிய நில மதிப்பும் அதனால் சிக்கலுற்ற உரிமைகளும் எளிதில் அடங்கவில்லை. கூடலூர்ப் பகுதியின் சென்மி நிலங்களை ஒழிக்க 1969இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் வழக்குகள் நீண்டன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ் மக்கள் அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஒருகாலத்தில் இலண்டன் செல்வர் பணம் இழந்த மலையில் இவர் நாட்கூலிக்குக் கொழுந்து பறித்தனர்.

பழைய குழிகளோ இன்னும் மூடப்பெறவில்லை. பொன் கிடைக்கும் என்னும் பேச்சும் அடங்கவில்லை. இக்காலத்தும் வறியவர் சிலர் இசைவின்றி அக்குழிகளில் இறங்கிக் கல்லைப் பெயர்த்துப் பொன் தேடுகின்றனர். மண் சரிந்து மடிந்தோரும் உண்டு. 1880இல் விளம்பரம் எழுதியவர் தம் பொருளைச் சேர்த்துக்கொண்டு அகன்றனர். அவர் எழுதிய சொல் மலையிலேயே தங்கிவிட்டது. ஓர் அறிவியற் பொய் மறுக்கப்பட்ட நாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. மறுப்பு நூலகத்தில் உள்ளது. குழி மலைச்சரிவில் உள்ளது. நூலகத்தில் உள்ளதை மலைச்சரிவில் நிற்போர்க்கு அவர் மொழியில் எடுத்துச் சொல்லுதல் கற்றோர் கடமை. தமிழில் அறிவியல் எழுத வேண்டுவதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தேவாலா அவற்றோடு இதனையும் சேர்க்கின்றது.